மூன்று கிராம் உயிருக்கு ஓர் எண்

கொலிப்ரி என்னும் பறவை நம்மூரில் கிடையாது. அமெரிக்கக் கண்டங்களிலும் அவற்றை ஒட்டிய தீவுகளிலும் மட்டுமே வாழ்வது அது. நம் வீட்டுச் செம்பருத்தியில் வந்து தொங்கித் தேன் குடிக்கிறதே, அது தேன்சிட்டு, வேறு குடும்பம். கொலிப்ரியை ஆங்கிலத்தில் ஹம்மிங் பேர்ட் என்கிறார்கள். தமிழில் ஓசனிச்சிட்டு என்றும் ரீங்காரச்சிட்டு என்றும் எழுதுகிறார்கள். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் அதற்கு இரண்டு பெயர் சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்று கொலிப்ரி. இன்னொன்று வாஸோ-மூஷ், அதாவது ஈப்பறவை. முதல் பெயர் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டதால் அதையே எழுதுகிறேன்.

இந்தக் கொலிப்ரியைக் கூண்டு வைத்துப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டி, மறுபடியும் பறக்க விடுகிற ஒரு வேலை அமெரிக்காவில் நடக்கிறது. இதைப் பற்றி மாலை நடையில் பேசிக்கொண்டிருந்தபோது, வள்ளலார் வழியில் நிற்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: “ஏன் சார், அது பாட்டுக்குப் பறந்துகொண்டிருக்கிறது. அதைப் பிடித்து விலங்கு மாட்டுவானேன்? இதில் என்ன விஞ்ஞானம் வேண்டிக்கிடக்கிறது?”

நியாயமான கேள்வி. கருணையுள்ள எந்த மனிதரும் முதலில் இதைத்தான் கேட்பார். ஆனாலும் என் கட்சி வேறு. இந்த வேலை நடக்கத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் செய்யலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. எனக்குச் சில நிபந்தனைகள் உண்டு. அவற்றைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வாழும் செங்கழுத்துக் கொலிப்ரியின் எடை மூன்று கிராம் சொச்சம். கிட்டத்தட்ட நம் ஒரு ரூபாய் நாணயத்தின் எடை. அதன் காலுக்கு ஏற்ற வளையத்தைக் கடையில் வாங்க முடியாது. மெல்லிய அலுமினியத் தகட்டில் எண்கள் வரிசையாக அச்சாகி வரும். வளையம் போடுபவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வெட்டி, காலைக் கிழிக்காதபடி ஓரத்தை ராவி, ஊசி போன்ற ஒரு கம்பியில் சுற்றி வட்டமாக்குகிறார். முழு எண்ணும் அதில் பிடிக்காது. ஆகவே முன்பகுதிக்குப் பதிலாக ஓர் எழுத்தும் பின்னால் ஐந்து இலக்கமும் இருக்கும். வளையத்தின் எடை ஒரு கிராமில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

பறவையைப் பிடிக்கப் பெரிய வேட்டையெல்லாம் இல்லை. சர்க்கரைத் தண்ணீர்க் குப்பியை ஒரு கம்பிக் கூண்டுக்குள் தொங்கவிடுவார்கள். பறவை குடிக்க உள்ளே போனதும், தூரத்தில் இருப்பவர் கயிற்றை விட்டால் கதவு விழும். பிறகு அதை மெல்லிய வலைப்பையில் எடுத்துவந்து வளையம் மாட்டுவார்கள். இறக்கையையும் அலகையும் அளப்பார்கள். அலகின் மேல் நுண்ணிய கீறல்கள் இருந்தால் இளம் பறவை, வழவழப்பாக இருந்தால் வளர்ந்தது. ஓர் உறிஞ்சுகுழலால் மெதுவாக ஊதி இறகை விலக்கி, தோலுக்கடியில் எவ்வளவு கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். எடை போட்டு, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, திறந்த உள்ளங்கையில் வைப்பார்கள். சில பறவைகள் விடுதலை கிடைத்தது தெரியாமல் சிறிது நேரம் அங்கேயே கிடக்குமாம். பிறகு சட்டென்று எழுந்து போய்விடும். எல்லாம் சில நிமிட வேலை.

இந்த விவரங்கள் எல்லாம் மேரிலாந்தில் இருக்கும் ஒரு மத்திய அலுவலகத்துக்குப் போகும். 1920ல் தொடங்கிய அலுவலகம் அது. அதன் அனுமதி இல்லாமல் அமெரிக்காவில் யாரும் காட்டுப் பறவைக்கு வளையம் போடக் கூடாது. கொலிப்ரிக்கு என்று தனி அங்கீகாரம் வேறு வேண்டும். மற்றப் பறவைகளுக்கு வளையமிட அனுமதி இருக்கிறது என்பதற்காக இதைத் தொட முடியாது.

சரி, இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைத்தது? இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

முதலாவது லூயிசியானாவில் நடந்தது. ஒரு காலத்தில் அதுவும் நம்மூர் போலப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட பூமிதான். அங்கும் அதை ஒட்டிய தென்மாநிலங்களிலும் கொலிப்ரிகள் இலையுதிர் காலத்தில் தெற்கே போய்விடும். ஆனால் குளிர்காலத்திலும் ஒன்றிரண்டு தோட்டங்களில் தென்படும். இவை வழி தவறியவை, நோயாளிகள், எப்படியும் சாகப்போகிறவை என்றே ஜனங்கள் நம்பினார்கள். சர்க்கரைத் தண்ணீர் வைப்பதால்தான் இவை பயணம் போகாமல் தங்கிவிடுகின்றன, ஆகவே செப்டம்பரில் குப்பிகளைக் கழற்றிவிட வேண்டும் என்று ஒரு போதனையும் இருந்தது. கருணையின் பெயரால் சொன்ன போதனை.

1970களின் இறுதியில் நான்சி நியூஃபீல்ட் என்ற அம்மையார் தம் வீட்டுத் தோட்டத்திலேயே அந்தக் குளிர்காலப் பறவைகளுக்கு வளையம் போடத் தொடங்கினார். அடுத்தடுத்த ஆண்டுகளில் வளையத்தோடு அதே பறவைகள் அதே தோட்டத்துக்குத் திரும்பி வந்தன. இறந்துபோகும் என்று எழுதிவைத்த பறவை, கோடைக்கு எங்கோ போய்க் குடும்பம் நடத்திவிட்டு, மறுபடியும் நவம்பரில் அதே செடிக்கு வந்து நின்றது. அவற்றில் பல, மேற்குக் கரைப் பக்கம் வாழும் செம்பழுப்புக் கொலிப்ரி என்ற வேறு இனம். அவை வழி தவறவில்லை. அதுதான் அவற்றின் வழி. நமக்குத்தான் தெரியாமல் இருந்தது. பறவை கிளம்புவதைத் தீர்மானிப்பது பகல் பொழுதின் நீளம், சர்க்கரைத் தண்ணீர் அல்ல என்பதும் தெளிவாயிற்று. இப்போது தென்மாநிலங்களில் பலர் குளிர்காலம் முழுதும் குப்பியைத் தொங்கவிட்டு வைக்கிறார்கள்.

எண் இல்லாமல் இதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். போன வருஷம் ஒரு பழுப்புப் பறவை வந்தது, இந்த வருஷமும் ஒரு பழுப்புப் பறவை வந்திருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும். அதே பறவை என்று எதை வைத்துச் சொல்வது?

இரண்டாவது உதாரணம். 2010 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் தல்லஹாசி என்ற ஊரில் ஒரு செம்பழுப்புக் கொலிப்ரிக்கு வளையம் போட்டார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் அதை அலாஸ்காவில் ஒரு கடலோரக் கிராமத்தில் வேறொருவர் பிடித்து எண்ணைப் படித்தார். நேர்கோட்டில் அளந்தாலே 5,600 கிலோமீட்டர். மூன்று நான்கு கிராம் எடையுள்ள உயிர்! கொலராடோவில் 1976ல் வளையம் போட்ட ஒரு பெண் பறவையை 1987ல் மறுபடியும் பிடித்தபோது அதற்குக் குறைந்தது 12 வயது. இவ்வளவு வேகமாக இதயம் துடிக்கிற உயிர் 12 வருஷம் வாழும் என்று வெறும் ஊகத்தில் யார் சொல்லியிருப்பார்கள்?

வளையம் வருவதற்கு முன்னால் ஒரு பறவையை அறிவது என்றால் அதைச் சுடுவது என்று அர்த்தம். லண்டனில் ஜான் கூல்ட் என்பவர் கொலிப்ரிகளைப் பற்றிப் பெரும்பெரும் தொகுதிகளாக நூல் எழுதினார். 1851ல் பாடம் செய்த பறவைகளை வைத்து அவர் நடத்திய கண்காட்சிக்குக் கூட்டம் அலைமோதியது. ஆனால் அவர் முதன்முதலில் உயிருள்ள கொலிப்ரியைப் பார்த்தது 1857ல், அமெரிக்கா போனபோதுதான். பிரெஞ்சுக்காரர்களும் சளைத்தவர்கள் அல்ல. கலிஃபோர்னியாவில் வாழும் ஒரு கொலிப்ரிக்கு ரிவோலிப் பிரபுவின் மனைவி அன்னாவின் பெயரை 1829ல் வைத்தார் லெஸ்ஸோன் என்ற கடற்படை வைத்தியர். பெயர் வைத்தபோது பறவை செத்துப் பிரபுவின் சேகரிப்பில் இருந்தது. இதெல்லாம் படிப்புக்காகக் கொன்றது. தொப்பியில் செருகுவதற்காகக் கொன்ற கணக்கு தனி. லண்டன் ஏலங்களில் ஆயிரக்கணக்கில் கொலிப்ரித் தோல் விற்ற காலம் அது. அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால், ஐந்து நிமிடம் பிடித்துவைத்து உயிரோடு விடுவது நாகரிகத்தின் பெரிய முன்னேற்றம். டென்மார்க்கில் மோர்டென்சென் என்ற பள்ளி ஆசிரியர் 1899ல் மைனா இனப் பறவைகளுக்கு அலுமினிய வளையம் போட்டுத் தொடங்கிவைத்த வேலை இது.

இனி நண்பர் சொன்ன “விலங்கு” என்ற சொல்லுக்கு வருகிறேன். அதை நான் லேசாகத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் மனிதர்களுக்கு எண் போட்ட சரித்திரம் நம்மூருக்கு உண்டு.

1853 முதல் நம் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல் கப்பலாகக் கூலிகளை மார்த்தினிக்குக்கும், அடுத்த வருஷத்திலிருந்து குவாதலூப்புக்கும் ஏற்றிப்போனார்கள். போய் இறங்கியவர்களைப் பேரேட்டில் எண் போட்டுப் பதிந்தார்கள். மத்ரிக்குல் என்பது அதன் பெயர். அந்தக் கரும்புத் தோட்டங்களைச் சுற்றிக் கொலிப்ரி பறந்துகொண்டிருந்திருக்கும். அந்தத் தீவுகள் அதன் வீடு. எண் போட்டவன் எசமான், எண் பெற்றவன் வாயில்லாப் பூச்சி. அந்த எண்ணுக்குள் அநியாயம் இருந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தீவுகளிலிருந்து பேரன் பேத்திகள் இன்று தங்கள் பூர்விகத்தைத் தேடும்போது கைகொடுப்பது எது? அதே பேரேடுதான். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பெயர், தகப்பன் பெயர், ஊர். எந்த எண்ணையும் வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதில்தான் நல்லதும் கெட்டதும் இருக்கிறது என்று இதிலிருந்து எனக்குத் தோன்றுகிறது.

பதிவின் மதிப்பைப் புதுச்சேரிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எத்தா சிவில் பேரேட்டில் ஒரு வரி இருந்ததால் ஒரு குடும்பம் தலையெடுத்ததையும், அந்த வரி இல்லாததால் இன்னொன்று அல்லாடியதையும் நாம் பார்த்திருக்கிறோம். நான் வேலையில் இருந்த நாட்களில், இறந்துபோன ஒரு சொல்தாவின் மனைவி வந்தார். கையெழுத்துப் போடத் தெரியாது. கணவர் பெயர் ஒரு காகிதத்தில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் இருந்தது. இருவரும் ஒருவரே என்று நிரூபித்தால்தான் பென்ஷன். கடைசியில் காப்பாற்றியது பெயர் அல்ல, பட்டாளத்தில் அவருக்குப் போட்ட மத்ரிக்குல் எண். இரண்டு காகிதத்திலும் எண் ஒன்றாக இருந்தது. அந்த அம்மாள் கண்ணீரோடு அந்த எண்ணைத் தொட்டுக் கும்பிட்டார்.

பறவைக்கும் அப்படித்தான். எண் இல்லாத பறவை கூட்டத்தில் ஒன்று. எண் பெற்ற பறவைக்கு ஒரு வாழ்க்கை வரலாறு உண்டு: எங்கே பிறந்தது, எந்த வழியாகப் போனது, எத்தனை வருஷம் இருந்தது. மெக்சிகோ வளைகுடாவை இந்தச் சிட்டு இடைநில்லாமல் 800 கிலோமீட்டர் தாண்டுகிறது. அதற்கு முன் உடல் எடையைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கிக்கொள்கிறது. கரையில் எந்தத் தோப்பில் தங்கி அந்தக் கொழுப்பைச் சேர்க்கிறது என்று தெரிந்தால்தானே அந்தத் தோப்பை வெட்டாதே என்று சொல்ல முடியும்? அலபாமாவில் ஃபோர்ட் மார்கன் என்ற கடலோர இடத்தில் பாப் சார்ஜென்ட், மார்த்தா சார்ஜென்ட் என்ற தம்பதி வருஷக்கணக்காக வளையமிட்டு எழுதி வைத்தது இந்தக் கணக்கைத்தான்.

ஆனால் எதிர்க்கட்சிக்கும் பலமான சாட்சி இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் நான் எழுதுவது விளம்பரம் ஆகிவிடும்.

வலையில் பிடிக்கும்போது சில பறவைகள் காயப்படுகின்றன, சில சாகின்றன. வட அமெரிக்காவில் லட்சக்கணக்கான பதிவுகளை அலசி 2011ல் வந்த ஓர் ஆய்வு, காயமும் சாவும் தனித்தனியே நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்று கண்டது. குறைவுதான், ஆனால் சைபர் இல்லை.

அதைவிடப் பெரிய சாட்சி பெங்குவின். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் பிரெஞ்சுக்காரர் வசமுள்ள குரோசே தீவுகளில், அரச பெங்குவின்களின் துடுப்பு இறக்கையில் உலோகப் பட்டை மாட்டி ஆராய்ந்துவந்தார்கள். பட்டையே பறவையைப் பாதிக்கிறதோ என்று சில பிரெஞ்சு விஞ்ஞானிகளுக்குச் சந்தேகம். பட்டை போட்டவை, போடாதவை என்று இரண்டு கூட்டத்தைப் பத்து வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். 2011ல் முடிவு வந்தது: பட்டை போட்டவை 39 சதவீதம் குறைவாகக் குஞ்சு பொரித்திருந்தன, உயிர் பிழைப்பதும் 16 சதவீதம் குறைவு. நீந்தும்போது பட்டை தண்ணீரை இழுத்துப் பறவையைக் களைக்க வைத்திருக்கிறது. உலகமே அதிர்ந்தது.

கொலிப்ரியின் கால் வளையமும் பெங்குவினின் இறக்கைப் பட்டையும் ஒன்றல்ல. இருந்தாலும் பாடம் ஒன்றுதான். தன் கையால் மாட்டிய வளையத்தையே சந்தேகப்பட்டு, பத்து வருஷம் செலவழித்துச் சோதித்து, “நாங்கள் செய்தது தீங்கு” என்று உரக்கச் சொல்ல ஒரு துறைக்குத் தைரியம் இருந்தால், அந்தத் துறையை நான் நம்புவேன். வளையமே கூடாது என்று சொல்ல இந்தக் கதையை எடுத்துக்காட்டுகிறவர்கள், இதைக் கண்டுபிடித்ததும் அந்த விஞ்ஞானிகளேதான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே என் நிபந்தனைகள் இவை. முதலில் கேள்வி இருக்க வேண்டும், பிறகுதான் வளையம். என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம் என்று சொல்ல முடியாதவர் பறவையைத் தொடக் கூடாது. இரண்டாவது, பழகிய கை வேண்டும். மூன்றாவது, எழுதியதை அனுப்ப வேண்டும். பறவையின் ஐந்து நிமிடத்தை எடுத்துக்கொண்டு, அந்த ஏட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டுவதுதான் என் கணக்கில் பாவம். அந்தப் பறவை பட்ட பயம் வீணாகிறது. முப்பது வருஷத்துக்கு மேல் ஏடுகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் இதை அடித்துச் சொல்வேன். நான்காவது, தீங்கு தெரிந்தால் நிறுத்த வேண்டும். கையில் பறவையை வைத்துப் படம் எடுத்துப் போடும் ஆசைக்கு இதில் இடமே இல்லை.

இதெல்லாம் எங்கோ அமெரிக்காவில் நடக்கிற கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். காரைக்காலுக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கிற கோடியக்கரையில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் சாலிம் அலி காலத்திலிருந்து பறவைகளுக்கு வளையம் போடுகிறார்கள். சைபீரியாவின் பனிவெளியில் குஞ்சு பொரித்துவிட்டு நம் உப்பளங்களுக்கு வருகிற சின்ன உள்ளானும் அதில் சேர்த்தி. பறவை பிடிப்பதைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட பிகாரின் மிர்ஷிகார்களை அழைத்துவந்து, அதே கைத்திறனைக் காயமில்லாமல் பிடிப்பதற்குப் பயன்படுத்தினார்கள். விற்கவும் தின்னவும் பிடித்த கை, எண் போட்டு விடப் பிடித்தது. இந்தியாவில் வளையமிட்ட வாத்துகள் பல சோவியத் நாட்டு வேட்டைக்காரர்களிடம் அகப்பட்டு, அவர்கள் எண்ணை எழுதி அனுப்பியதால்தான் அவற்றின் கோடைக்கால வீடு நமக்குத் தெரிந்தது. முகம் தெரியாத யாரோ ஒருவர் ஒரு தபால் தலையைச் செலவழித்ததால் வந்த அறிவு.

ஊசுட்டேரிக்கும் கழுவெளிக்கும் காலையில் நடக்கப் போகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். மீன்பிடிக்கும் உறவினர் உள்ளவர்களும் இருக்கிறார்கள். செத்துக் கிடக்கும் பறவையின் காலில் வளையத்தைப் பார்த்தால் தயவுசெய்து கழற்றிச் சாவிக்கொத்தில் கோத்துக்கொள்ளாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். உயிருள்ள பறவையின் காலிலிருந்து எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள்; படிக்க முடிந்தால் எண்ணை மட்டும் படியுங்கள். எண், தேதி, இடம், பறவை உயிரோடு இருந்ததா இல்லையா என்ற நான்கு விவரம் போதும். வளையத்திலேயே பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லி எழுதியிருக்கும். நேரில் அனுப்பத் தெரியாவிட்டால் வனத்துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.